எண்ணுக்குப் பின்னுள்ள எழுத்தை நீக்கவும்

சுலோசனா ஏழு என்ற எண்ணை எழுதும்போது அதன் நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவாள். கன்னியர் மடத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பெடுத்த ஒரு சிஸ்டர் பழக்கிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்கள், கோடு இல்லாவிட்டால் அது ஒன்றா ஏழா என்று யாருக்குத் தெரியும் என்று சொல்லி மார்க்கைக் குறைத்துவிடுவாராம். கூடப் படித்த பாதிப் பேர் வளர்ந்ததும் அந்தக் கோட்டை விட்டுவிட்டார்கள். சுலோசனா விடவில்லை. சரி என்று ஒருதரம் மனதில் பட்டதை அப்புறம் விடத் தெரியாத பிறவி அவள். அவள் பட்டதெல்லாம் இந்த ஒரு குணத்தால் பட்டதுதான் என்று அவளுடைய வீட்டுக்காரர் தணிகாசலம் இன்றைக்கும் சொல்வார்.

பாகூர்ப் பக்கம் பயிர்வேலை செய்த கோவிந்தசாமியின் மகள். இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்து, அரியாங்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டு, இரண்டு பிள்ளை பெற்று, 2001-இல் நகரத்தில் ஓர் ஆராய்ச்சி மையத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். பெரிய மார்க்கெட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் இருந்தது அந்த மையம். காற்று திரும்பினால் கம்ப்யூட்டர் அறையில் மீன் வாடை வரும். வேலை பதினொரு மாதத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கப்படும். பன்னிரண்டு மாதம் கொடுத்தால் ஆள் நிரந்தரம் கேட்டுவிடுவாளோ என்று பயப்படுகிறவர்கள் கண்டுபிடித்த கணக்கு அது.

மையத்துக்குத் தலைவர் புருஷோத்தமன். ஐம்பது தாண்டியவர், மென்மையாகப் பேசுவார், பெண்கள் யாரையும் வாங்கம்மா போங்கம்மா என்றுதான் கூப்பிடுவார். அங்கே தொழில்நுட்ப அலுவலர் என்று ஒரே ஒரு நிரந்தரப் பதவி ரொம்ப நாளாகக் காலியாகக் கிடந்தது. "அதை நிரப்ப உத்தரவு வந்தா உங்களுக்குத்தான்ம்மா. உங்க பேர் போட்டு ஒரு ரிசர்ச் பேப்பர் மட்டும் வந்துட்டா போதும்" என்று சேர்ந்த முதல் வருஷமே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் நாலு வருஷம் பஸ் ஏறினாள்.

அவள் செய்த வேலையை விளங்கச் சொல்லிவிடலாம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி. சங்கிலியாக நீளக் கிடந்தால் அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. மடிந்து, சுருண்டு, ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு வந்தால்தான் உடம்பில் வேலை செய்யும். அந்த வடிவம் குலையாமல் நிற்பது எதனால்? சங்கிலியில் இருபதாவது இடத்தில் இருப்பதும் நூற்றைம்பதாவது இடத்தில் இருப்பதும் மடிப்பில் நெருங்கி வந்து ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. அப்படிப்பட்ட தூரத்துத் தொடுகைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்துதான் மடிப்பைப் பிடித்து நிறுத்துகின்றன. தணிகாசலம் ஒருநாள், "அப்படி இன்னாதான் பண்ற அங்க?" என்று கேட்டபோது சுலோசனா தன் இடுப்பைக் காட்டினாள். ஆறு கெஜப் புடவையில் எங்கெங்கோ இருக்கிற துணி கொசுவத்தில் ஒன்றன்மேல் ஒன்று வந்து சேர்கிறது, ஒரு ஊக்கு குத்தினால் நிற்கிறது, ஊக்கை எடுத்தால் மொத்தமும் தரையில் கிடக்கும். "அந்த மாதிரி எத்தினி ஊக்கு இருக்குன்னு எண்றேன்" என்றாள்.

எண்ணுவதற்கு ஒரு விதி இருந்தது. அணுக்களின் தூரத்தை அளக்கிற ஆங்ஸ்ட்ராம் கணக்கில், இரண்டு அமினோ அமிலங்களுக்கு நடுவே எட்டுக்குள் தூரம் இருந்தால் அது தொடுகை. ஆனால் சங்கிலியில் அவை பத்து இடத்துக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை எப்படியும் தொட்டுக்கொண்டுதான் இருக்கும், அதில் சொல்ல ஒன்றுமில்லை, அதனால் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு புரதங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல். ஒவ்வொரு ஃபைலிலும் அணு அணுவாக ஆயிரக்கணக்கான வரிகள். எண்ணுகிற புரோகிராமை எழுதியது பிஎச்.டி. மாணவன் பிரேம்குமார். அந்தப் புரோகிராம் திணறாமல் ஓடும்படி ஃபைல்களைச் சுத்தம் செய்து கொடுப்பதும், வந்த எண்ணிக்கையைச் சரிபார்ப்பதும் சுலோசனாவின் பொறுப்பு. அவள் புரோகிராமை நம்பி விட்டுவிடமாட்டாள். திரையில் புரதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பத்துக்கு ஒன்றைக் கையாலும் எண்ணி நோட்டில் எழுதுவாள்.

2002-இல் ஒருநாள் புரோகிராம் ஒரு ஃபைலில் நின்றுபோனது. அமினோ அமிலத்தின் எண் இருக்க வேண்டிய இடத்தில் 60A, 60B என்று எண்ணோடு எழுத்தும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரேம்குமாரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அந்த எழுத்தை எடுத்துடுங்கக்கா. வெறும் நம்பர் இருந்தா ஓடும்."

"அது எதுக்குத் தம்பி இருக்குது?"

"சும்மா லேபிள்க்கா. ஒண்ணும் ஆகாது."

எடுத்தாள். ஓடியது. அதன்பிறகு எழுத்து எங்கே கண்டாலும் எடுத்தாள். அடுத்த மாதமே புருஷோத்தமன், புதிதாக வருகிற மாணவர்களுக்கு உதவும், ஃபைல் சுத்தம் செய்யும் முறையை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்றார். ஒன்பது படிகள் எழுதினாள். ஏழாவது படி: எண்ணுக்குப் பின்னுள்ள எழுத்தை நீக்கவும். அந்த மையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் எந்தச் செய்முறைத் தாளை எழுதினாலும் மேலே பேரைப் போட வேண்டும். "நாளைக்கு ஒரு சந்தேகம் வந்தா யாரைக் கேக்கறதுன்னு தெரியணும்ல" என்பார் புருஷோத்தமன். தயாரித்தவர் த. சுலோசனா என்று டைப் அடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேஜைக்கு மேலே சுவரில் மாட்டினாள். தன் பேரை அச்சில் பார்த்த சந்தோஷத்தில் அன்றைக்கு மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வருஷா வருஷம் டிசம்பரில் பிரான்சிலிருந்து கமருஸ்ஸமான் வருவார். புதுச்சேரியில் பிறந்து அங்கே போய் விஞ்ஞானியானவர். உறவுக்காரர்களைப் பார்க்க வருகிற சாக்கில் ஒரு வாரம் மையத்துக்கும் வந்து ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டுப் போவார். தங்கமான மனிதர், அதில் குறை சொல்ல முடியாது. "போன்ழூர் மதாம்" என்று சுலோசனாவுக்கும் தலை அசைப்பார். ஒருதரம் அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கையால எண்ணினீங்களா? இவ்வளவுமா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் புருஷோத்தமன், "நம்ம ஸ்டாஃப்தான் சார், அதெல்லாம் பண்ணிடுவாங்க" என்று அவரைத் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

இந்த எண்ணிக்கைகளை வைத்து எழுதிய கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக 2005 ஜூலையில் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. தூரத்துத் தொடுகை எந்தப் புரதத்தில் அதிகமோ அது அதிகச் சூடு தாங்கும் என்று அதில் காட்டியிருந்தார்கள். ஒன்று என்றால் முழுப் பொருத்தம், இரண்டுக்கும் உள்ள உறவு 0.84. அந்தத் துறையில் அது மார்தட்டிக்கொள்கிற எண். நான்கு பேர் பெயர்: பிரேம்குமார், சுலோசனா, கமருஸ்ஸமான், புருஷோத்தமன். இரண்டாவது இடம். அவள் அந்தக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களோடு சேர்த்து வைத்தாள்.

ஆகஸ்டில் அந்தப் பதவிக்கு விளம்பரம் வந்தது. தகுதி எம்.எஸ்ஸி., வெளியான அல்லது ஏற்கப்பட்ட கட்டுரை ஒன்று. வயது, எல்லாத் தளர்வும் சேர்த்து, முப்பத்தைந்து தாண்டக் கூடாது. கடைசித் தேதி அக்டோபர் பதினான்கு. சுலோசனாவுக்கு முப்பத்தைந்து முடிவது நவம்பரில். இந்தத் தடவை விட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை. இது புருஷோத்தமனுக்கும் தெரியும், பிரேம்குமாருக்கும் தெரியும், கீழே டீக்கடை வைத்திருந்த அம்மாவாசைக்கும்கூடத் தெரியும். "இன்னாம்மா, ஆபீசர் ஆனதும் நம்ம கடை டீ எறங்குமா?" என்று அவர் கேலி செய்வார்.

செப்டம்பர் கடைசி வாரம் அச்சுக்கு முந்தைய பிரதி வந்தது. பின்னிணைப்பு அட்டவணையில் ஒவ்வொரு புரதத்துக்கும் மொத்தம் எத்தனை அமினோ அமிலம் என்று ஒரு நெடுவரிசை சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். ஒன்றுமில்லாத வேலை. வேறு யாராக இருந்தாலும் புரோகிராம் கொடுத்த எண்ணை அப்படியே ஒட்டியிருப்பார்கள். சுலோசனா மூலத்தில் போட்டிருந்த நீளத்தோடு ஒப்பிட்டாள். இரத்தத்தை உறைய வைக்கிற ஒரு புரதத்தில் நீளம் குறைந்தது. சுத்தம் செய்வதற்கு முந்தைய ஃபைலை எடுத்துப் பார்த்தாள். அறுபதுக்கும் அறுபத்தொன்றுக்கும் நடுவில் மட்டும் 60A முதல் 60I வரை ஒன்பது. அவை லேபிள் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனி அமினோ அமிலம். தெருவில் அறுபதாம் நம்பர் வீட்டுக்கும் அறுபத்தொன்றுக்கும் நடுவில் புதிதாக வீடு கட்டினால் 60A என்று போடுவோமே, அதே கதை. ஒரே குடும்பத்துப் புரதங்களை ஒப்பிட வசதியாக மூத்த புரதத்தின் எண்ணையே மற்றவற்றுக்கும் வைத்து, கூடுதலாக இருப்பவற்றுக்கு எழுத்துக் கொடுத்திருந்தார்கள். அவள் எழுத்தை எடுத்ததும் பத்துப் பேர் ஒரே கதவெண்ணில் நின்றார்கள். புரோகிராம் கடைசி ஆளை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்பது பேரை அழித்துவிட்டது. அவர்கள் தூரத்தில் யார் யாரைத் தொட்டுப் பிடித்திருந்தார்களோ அந்தத் தொடுகைகளும் போயின.

இப்படிப் பத்தொன்பது ஃபைல்கள். எல்லாவற்றையும் அவளே சுத்தம் செய்திருந்தாள். திருத்தி ஓட்டிப் பார்த்தாள். 0.84 என்பது 0.71 ஆனது.

ஃபைலை மூடினாள். யாருக்கும் தெரியாது. கேட்பாரும் இல்லை. மூன்று வாரம் பேசாமல் இருந்தால் விண்ணப்பம் போய்விடும். அப்புறம் கண்டுபிடித்ததாகச் சொன்னால்கூடப் போதும். இதையெல்லாம் அவள் நினைக்காமல் இல்லை, புத்தரைப் போல உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டு நாள் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் பேசாமல் இருந்துவிடலாம் என்று முடிவு கட்டினாள். மையத்து மாடிப்படி ஏறும்போது அந்த முடிவு கழன்றுவிடும். எங்கேயோ ஒரு ஊரில் எவளோ ஒருத்தி இதே ஃபைலைத் திறந்து, தன்னைப் போலவே ஒவ்வொன்றாக எண்ணி, ஒன்பதைக் காணோம் என்று கண்டுபிடித்து, யார் செய்தது என்று மேலே பார்ப்பாள். இரண்டாவது பெயராகத் தான் இருப்போம். அந்த முகம் தெரியாத பெண்ணுக்கு முன்னால் அவளுக்கு அவமானமாக இருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புருஷோத்தமனை அவள் நம்பினாள். திருத்திக்கொண்டு, ஏற்றுக்கொண்ட கடிதத்தை எப்படியாவது காப்பாற்றித் தருவார் என்று நம்பினாள்.

மூன்றாம் நாள் காலை போய் நின்றாள்.

"சார், ஏழாவது படி தப்பு சார்."

நோட்டைக் காட்டி முழுவதும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"நல்லவேளை சொன்னீங்கம்மா" என்றார். அந்த நேரம் அவளுக்கு மனசு நிறைந்துபோனது. பிறகு பிரேம்குமாரைக் கூப்பிட்டார்.

பிரேம்குமார் முகத்தில் ஈயாடவில்லை. அவனுக்கு அமெரிக்காவில் ஓர் இடம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. "எனக்கு வந்த ஃபைல் எல்லாம் அக்கா க்ளீன் பண்ணிக் குடுத்ததுதான் சார். அந்த ஷீட்படி" என்றான்.

"எழுத்தை எடுக்கச் சொன்னதே நீதானே தம்பி? எதுக்கு இருக்குதுன்னுகூட கேட்டேனே."

அவன் தரையைப் பார்த்தான். "எனக்கு ஞாபகம் இல்லக்கா."

புருஷோத்தமன் எழுந்து போய்ச் சுவரிலிருந்த தாளைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். அவர் குரல் அப்போதும் மென்மையாகத்தான் இருந்தது. "இதுல யார் பேர்ம்மா இருக்கு?"

கட்டுரையைத் திரும்பப் பெறுவதென்று முடிவானது. பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டும். மையத்தின் கடிதங்களையெல்லாம் டைப் அடிப்பது சுலோசனாதான், அதனால் இதையும் அவளிடமே கொடுத்தார்கள். தொழில்நுட்ப உதவியாளர் ஒருவரின் கவனக்குறைவால் தரவுகளில் நேர்ந்த பிழையைக் கட்டுரையின் மூத்த ஆசிரியர் கண்டறிந்தார் என்று புருஷோத்தமன் எழுதியிருந்தார், மூத்த ஆசிரியர் என்றது தன்னைத்தான். அவள் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் அடித்தாள். அடித்து முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கேட்டாள்.

"சார், நான்தானே சார் கண்டுபிடிச்சேன்?"

"எடிட்டருக்கு அதெல்லாம் புரியாதும்மா. தப்பு பண்ணவங்களே கண்டுபிடிச்சாங்கன்னா மத்ததையும் சந்தேகப்படுவாங்க. திருத்தி அனுப்பறதுல உங்க பேர் இருக்கறதும் இப்ப சரியா வராது."

"அப்ப அப்ளிகேஷனுக்கு அந்த லெட்டர்..."

"பேப்பரே இல்லைன்னு ஆயிடுச்சு. லெட்டருக்கு எங்கம்மா போறது?"

அக்டோபர் பதினான்கு வந்தது, போனது. பதவியில் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். கட்டுரை 0.71-ஓடு அடுத்த பிப்ரவரியில் மறுபடி ஏற்கப்பட்டது. எழுத்துள்ள எண்களை எப்படிக் கையாள வேண்டும் என்று அதில் தனியாக ஒரு பத்தியே இருந்தது. அவள் நோட்டில் எழுதியிருந்தது, வாக்கியம் மட்டும் மெருகேறியிருந்தது. அதைப் பலர் பாராட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டாள். பெயர்கள் மூன்று. ஒரு வாரம் வந்து போகிற கமருஸ்ஸமான் பெயர் பத்திரமாக இருந்தது. வெளிநாட்டுப் பெயர் ஒன்று இருந்தால் கட்டுரை தூக்கி நிற்கும் என்பார்கள். அதைப் பார்த்த அன்றைக்கு சுலோசனா முதல்முறையாகச் சிரித்தாள். தூரத்தில் இருப்பவர் தொட்டால்தான் கணக்கு. பக்கத்து நாற்காலியில் நாலு வருஷம் உட்கார்ந்திருந்தவள் எப்படியும் தொட்டுக்கொண்டுதானே இருப்பாள், அதை எதற்கு எண்ணுவது? விதியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே புருஷோத்தமன்தான்.

"மூணு வாரம் வாயை மூடினு இருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்று தணிகாசலம் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அதுதான் அவளுக்கு வலித்தது.

மார்ச்சில் பதினொரு மாதம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. கடைசி நாள் தன் டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துக்கொண்ட பிறகு, சுவரில் திரும்ப மாட்டியிருந்த அந்தத் தாளைக் கழற்றினாள். கிழித்துப் போட நினைத்துத்தான் கழற்றினாள். கை வரவில்லை. நாளைக்கு யாராவது அதைப் பார்த்து எழுத்தை எடுத்துவிட்டால்? சிவப்புப் பேனாவை எடுத்து ஏழாவது படியை அடித்தாள். பக்கத்தில் மறுபடி 7 என்று போட்டு, எழுத்தை நீக்கக் கூடாது, எழுத்துள்ள ஒவ்வொன்றும் தனி அமினோ அமிலம், முதலில் எல்லாவற்றுக்கும் ஒன்றிலிருந்து புது எண் கொடுக்கவும் என்று எழுதி உறையில் போட்டு மாட்டிவிட்டுப் படியிறங்கினாள். துரத்தினவர்களுக்கு உபகாரம் செய்துவிட்டு வருகிறவளை என்னவென்று சொல்வது? எனக்கு அவள்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

அதற்குப் பிறகு அரியாங்குப்பத்துக்கு அந்தப்பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைத் திறந்து மூடுகிற வேலை. 2009-இல் அந்தக் கல்லூரிக்காரர்கள் பழைய அனுபவச் சான்றிதழ் கேட்டார்கள். மையத்துக்கு எழுதிப் போட்டு, நாலு தடவை போன் செய்த பிறகு, ஜூலை பதினேழாம் தேதி நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. மூன்று வருஷத்துக்கு அப்புறம் அந்த மாடிப்படி ஏறினாள்.

அவள் நாற்காலியில் அபி என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். சார் மீட்டிங்கில் இருக்கிறார், உட்காருங்கள் என்று நாற்காலி இழுத்துப் போட்டாள். மேஜைக்கு மேலே அதே உறை, அதே தாள். தயாரித்தவர் த. சுலோசனா.

"இது இன்னும் இருக்குதா?" என்று சுலோசனா கேட்டாள்.

"அதா மேடம்? ஃபைல் க்ளீன் பண்ற ஷீட். தினமும் இதைப் பாத்துத்தான் பண்றேன். ஏழாவதுல மட்டும் தப்பா எழுதி வச்சிட்டுப் போயிட்டாங்க. அதனாலதான் அந்தம்மாவை அனுப்பிட்டாங்களாம்."

"பக்கத்துல சிவப்புல எழுதியிருக்குதே."

"அது சார் எழுதுனது மேடம். தப்பைக் கண்டுபிடிச்சதே சார்தான். புதுசா யார் வந்தாலும் இதைக் காட்டித்தான் சொல்வாரு, கேர்ஃபுல்லா இருக்கணும்னு."

சுலோசனா தாளை நிமிர்ந்து பார்த்தாள். சிவப்பு மை வெளுத்துப் பழுப்பாகியிருந்தது. ஏழின் நடுவே குறுக்குக் கோடு தெளிவாக இருந்தது.

"நீங்க இன்னா விஷயமா வந்தீங்க மேடம்?"

"ஒரு சர்ட்டிபிகேட் வாங்கணும்."

அபி இழுப்பறையைத் திறந்து கையெழுத்துப் போட்டு வைத்திருந்த கவர்களைப் புரட்டினாள். "எந்தப் பேர்ல மேடம்?"

"த. சுலோசனா."

புரட்டிய கை நின்றது. அபி நிமிரவில்லை. கவரை எடுத்து மேஜைமேல் வைத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமிடும் ரெஜிஸ்டரைத் திறந்து திருப்பிக் காட்டினாள். சுலோசனா கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் தேதி எழுதினாள். பதினேழு, ஏழு, இரண்டாயிரத்து ஒன்பது. இரண்டு ஏழுக்கும் கோடு போட்டாள்.

அபி ரெஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பினாள். தேதியைப் பார்த்தாள். தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். திரும்பத் தேதியைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்துபோனது. உள் அறைக் கதவு பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு ரெஜிஸ்டரை மெல்ல மூடினாள்.

"பாத்துப் போங்க மேடம்" என்றாள், தாழ்ந்த குரலில்.

அவளைக் குறை சொல்ல சுலோசனாவுக்கு வாய் வரவில்லை. அவளுக்கும் பதினொரு மாத வேலைதான்.